கழுத்தில் ஒரு கை

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது என் மகள் கித்தேரியின் முகம் வெந்த ரொட்டி மாதிரி உப்பிப்போனது.

வெள்ளிக்கிழமை காலை. நான் அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டிருந்தேன். உள்ளே என் மனைவி அப்போலின் போட்ட சத்தத்தில் கூடையை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். பெண் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இடது கண் முழுக்க மூடிவிட்டது. வலது கண் வெறும் கோடு. இரண்டு கன்னமும் சிவந்து, அதன்மேல் பொடிப்பொடியாகக் கொப்புளம்.

"முந்திரிக்கொட்டை எண்ணெய் பட்டிருக்கு," என்றேன்.

எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? பள்ளிக்கூடம் போகிற வயதில் என்னை என் அப்பா பழத்திலிருந்து கொட்டை திருக உட்கார வைத்தார். அன்றிலிருந்து முந்திரிதான். பழம் பொறுக்கி, காலால் மிதித்து, சாறு புளிக்கவைத்து, ஃபெனிச் சாராயம் காய்ச்சி இறக்குகிறவன். அந்த எண்ணெய் பட்டுப் பாம்பைவிட அதிகத் தடவை தோல் உரித்திருக்கிறேன்.

"உனக்கு எது வந்தாலும் முந்திரிதான்," என்றாள் அப்போலின். "போன வருஷம் எனக்குப் பல் வலிச்சப்பவும் முந்திரின்னுதான் சொன்னே. இது வெளியில போனாத்தானே எண்ணெய் படும்? முதல் ஓலை வாசிச்சதுலேருந்து வாசப்படி தாண்டல. நான் தாண்ட விடல."

அதுவும் சரிதான். எங்கள் பக்கத்தில் கோவிலில் கல்யாண ஓலை வாசிக்க ஆரம்பித்துவிட்டால் பெண் குன்று ஏறக்கூடாது, தனியாகக் கிணற்றுக்குப் போகக்கூடாது. மாப்பிள்ளையும் பெண்ணும் இனி கோவில் வாசலில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பெரிய காரணம் எதுவும் கிடையாது. அப்படித்தான்.

"எங்கயாவது போனியா குழந்தே?" என்று கேட்டேன்.

"இல்ல பப்பா," என்றாள். கைகள் இரண்டும் போர்வைக்குள் இருந்தன.

இந்தக் கல்யாணம் போன வருஷமே நடந்திருக்க வேண்டியது. அப்போலினின் அண்ணன் செத்துப்போனார். துக்க வருஷம் கழிய வேண்டும் என்று தள்ளிவைத்தோம். துக்கம் கழிந்தபோது தவக்காலம் வந்தது. தவக்காலத்தில் தாலி கிடையாது, மேளம் கிடையாது. பாஸ்கா திருநாள் முடிந்து மழை பிடிப்பதற்குள் இருக்கிற இந்த இடைவெளிதான் மிச்சம். முந்திரி விழுகிறதும் இதே இடைவெளியில்தான். எனக்கு முதுகு சொறியக்கூட நேரம் இருக்காது. மாப்பிள்ளை அவெலின் கப்பலில் சமையல் வேலை. இன்னும் பத்து நாளில் பம்பாயில் கப்பல் ஏற வேண்டும். ஏறினால் அடுத்த வருஷம்தான் முகம் பார்க்கலாம்.

"மூணாவது தடவையும் தள்ளிப்போனா கல்யாணம் அப்புறம் நடக்காது," என்று அப்போலின் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அதைவிடப் பெரிய பயம் மாப்பிள்ளையின் அம்மா எஸ்பெரான்ஸ். மூத்த மகனுக்குப் பெண் பார்த்தபோது, எல்லாம் பேசி முடித்து இனிப்பும் கொடுத்தபிறகு, பெண்ணின் காதோரம் வெளுத்த தேமல் ஒன்று இருக்கிறது என்று எழுந்து வந்தவள். எங்கள் கேப்பே ஊர்ப் பக்கத்தில் இது தெரியாத ஆள் இல்லை.

அதனால் அப்போலின் பெண்ணின் தலையில் துண்டைப் போட்டு மூடி, அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நானும் போனேன். டாக்டரம்மா சின்ன வயது.

"ஏதோ பட்டிருக்கு. என்ன தொட்டே?"

"ஒண்ணும் தொடல டாக்டர்," என்றாள் கித்தேரி.

"மாத்திரை தர்றேன். களிம்பு தர்றேன். ஒரு வாரத்துல போயிடும்."

"ஞாயித்துக்கிழமை கல்யாணம்," என்றாள் அப்போலின்.

டாக்டரம்மா பெண்ணின் முகத்தை இன்னொரு தடவை பார்த்தாள். "அப்போ முதல் மாத்திரைய இங்கயே முழுங்கு. தண்ணி அந்தப் பானையில இருக்கு."

வீடு திரும்பினால் என் தங்கை கொன்சு வாசலில் தயாராக நின்றாள். பக்கத்து வீடு அவளுக்கு. புருஷன் இல்லை. வாடா என்று நாங்கள் சொல்கிற இந்தத் தெரு முழுக்கக் கண்ணேறு எடுக்கிறவள் அவள்தான். கைக்குழந்தை பால் குடிக்காவிட்டாலும் பசுமாடு பால் சுரக்காவிட்டாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். கையில் வரமிளகாய், உப்பு, ஒரு துண்டு படிக்காரம்.

பெண்ணை மாதா சுரூபத்துக்கு முன்னால் உட்கார வைத்து, விசுவாசப் பிரமாணம் சொல்லிக்கொண்டே தலையிலிருந்து கால்வரை சுற்றினாள். எல்லாவற்றையும் கொண்டுபோய் அடுப்பில் போட்டாள். எங்கள் எல்லோருடைய மூக்கும் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தன. மிளகாய் கமறவில்லை.

"பாத்தியா? நெடியே இல்ல. அவ்வளவு கண்ணு," என்றாள் கொன்சு.

"போன வருஷத்து மிளகாய்," என்றேன்.

"நீ பேசாம இரு."

படிக்காரம் நெருப்பில் பொரிந்து உப்பியது. கண் போட்டவர்களின் உருவம் அதில் வரும் என்பது கணக்கு. கொன்சு அதை இடுக்கியால் எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினாள். "மூக்கைப் பாரு. எவ்வளவு நீட்டு. யார் மூக்குன்னு நான் சொல்ல மாட்டேன்."

"எஸ்பெரான்ஸ் மூக்கு," என்றாள் அப்போலின்.

"நான் சொல்லல. நீதான் சொன்னே."

அதற்குப்பிறகு வாடா முழுக்க எங்கள் வீட்டில்தான். ஒருத்தி வேப்பிலை அரைத்து வந்தாள். அது காய்வதற்குள் இன்னொருத்தி மஞ்சள் பூசினாள். சிவப்பாக வீங்கியிருந்த முகம் இப்போது மஞ்சளாக வீங்கியிருந்தது. மூன்றாவது ஆள் அருகம்புல் சாறு. ஒருத்தி பூசியதை இன்னொருத்தி கழுவிவிட்டால் சண்டை. கல்யாண வீட்டில் சண்டை வேண்டாம் என்று ஒன்றின்மேல் ஒன்றாகப் பூசினார்கள். கடைசியில் கொன்சு என் அலமாரியிலிருந்து போத்தலை எடுத்து, பஞ்சில் ஃபெனி நனைத்து, நான் "அடியே" என்று எழுந்திருப்பதற்குள் கன்னத்தில் வைத்துவிட்டாள்.

கித்தேரி வாயிலிருந்து வந்த வார்த்தைகளை மாதா சுரூபம் இருக்கிற அறையில் யாரும் சொல்லக்கூடாது. நான்தான் அந்த வார்த்தைகளை அவளுக்குக் கற்றுக்கொடுத்தேன், மிதிக்கிற இடத்தில் என்னோடு வேலை செய்தபோது.

எல்லாரும் போனபிறகு முகத்தைக் கழுவச் சொன்னேன். காய்ந்த கொக்கம் பழத்தோலைப் பானைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கசக்கி, பழைய வேட்டித் துணியை அதில் நனைத்துக் கண்மேல் போட்டேன். முந்திரிக்காட்டில் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம். எரிச்சலை அடக்கும்.

"பப்பா, இதுதான் நல்லாருக்கு," என்றாள்.

"முந்திரி எண்ணெய்க்குத்தான் இது கேக்கும்," என்றேன்.

அவள் துணியோடு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சாயங்காலம் வளையல்காரர் வந்தார். கல்யாணப் பெண்ணுக்கு இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் அடுக்க வேண்டும். ஒன்று உடைந்தாலும் முகம் சுளிப்பார்கள். அவர் கித்தேரியின் கையைப் பிடித்து எண்ணெய் தடவிக்கொண்டே, "என்ன மகளே, விரலும் வீங்கியிருக்கு, நுனி வேற கறுத்திருக்கு?" என்றார்.

"அடுப்புக்கரி," என்றாள் அப்போலின்.

அடுப்புக்கரி இல்லை. சுட்ட கொட்டையை உடைத்து உரிக்கிறவர்கள் விரலில் மட்டும்தான் அந்தக் கறுப்பு வரும். சோப்புக்குப் போகாது, தோலோடுதான் போகும். நான் மகளைப் பார்த்தேன். அவள் திறந்திருந்த அரைக்கண்ணால் சுவரில் தொங்கிய திருஇருதயப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டிருக்கலாம். கல்யாண வீட்டில் பெண்ணை அழவைக்க மனசு வரவில்லை. அதுவும் அந்தக் கண்ணால் அழுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. வளையல்கள் ஒவ்வொன்றாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு, உடையாமல் ஏறின.

மறுநாள் சனிக்கிழமை. கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் எங்கள் வீட்டுச் செத்தவர்களை நினைத்து ஏழைகளுக்குச் சாப்பாடு போடுவோம். சாயங்காலம் பெண்ணுக்குத் தேங்காய்ப்பால் ஊற்றுவோம். மாப்பிள்ளை வீட்டில் மாப்பிள்ளைக்கு ஊற்றுவார்கள். உறவு, அக்கம்பக்கம், எல்லாரும் வருவார்கள். பெண்ணின் முகத்தை எல்லாரும் கையால் தொடுகிற சடங்கு அது. அதை நினைத்தே அப்போலினுக்குச் சோறு இறங்கவில்லை. கித்தேரியின் இடது கண் கொஞ்சம் திறந்திருந்தது. அவ்வளவுதான்.

பந்தலில் பாய் விரித்து, வந்தவர்களுக்குச் சோறும் காய்ந்த இறால் குழம்பும் நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். வாடகை மோட்டார் சைக்கிள் ஒன்று வாசலில் வந்து நின்றது. பின்னால் கறுப்புக் குடை. குடைக்குக் கீழே எஸ்பெரான்ஸ்.

தேங்காய்ப்பால் நாளன்று மாப்பிள்ளையின் அம்மா பெண் வீட்டுக்கு வந்து நான் பார்த்ததே இல்லை. அப்போலின் உள்ளே ஓடி, கித்தேரியைச் சாமான் அறையில், இனிப்புப் பானைகளுக்குப் பின்னால் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"வாங்க சம்பந்தி. என்ன இந்த வெயில்ல?"

"சும்மா. இந்தப் பக்கம் வந்தேன்." மூன்று ஊர் தாண்டி, வாடகை வண்டி வைத்துக்கொண்டு யாரும் சும்மா வருவதில்லை. "பொண்ணு எங்கே?"

"தூங்குது."

"இந்த நேரத்துலயா?"

"நேத்து ரொம்ப நேரம் ஜெபம்," என்றாள் கொன்சு. "வானத்துச் சம்மனசு மாதிரிப் பொண்ணு."

"மாப்பிள்ளை என்ன பண்றார்?" என்று அப்போலின் கேட்டாள்.

"அவனும் தூங்குறான்."

"அவரும் ஜெபமா?" என்று நான் கேட்டேன். கொடுத்த சர்பத்தை எஸ்பெரான்ஸ் ஒரே மூச்சில் குடித்தாள்.

"ஒரு யோசனை சம்பந்தி," என்றாள். "கல்யாணத்த அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு வச்சுக்கிட்டா என்ன?"

அப்போலின் சாமான் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். "யாரு சொன்னா உங்ககிட்ட?"

"என்ன சொன்னா?"

"ஒண்ணுமில்ல. ஏன் தள்ளணும்?"

"அது வந்து, பாண்டு வாசிக்கிறவனுக்கு வயித்துப்போக்குன்னு கேள்விப்பட்டேன்."

"பாண்டு எங்க ஆளு," என்றேன். "காலையில வந்து மூணு தட்டுப் பணியாரம் தின்னுட்டுப் போனான். அந்த வயித்துக்கு ஒண்ணும் ஆகல."

பாயில் உட்கார்ந்திருந்த கிழவர் ஒருவர் தலையைத் தூக்கினார். "கல்யாணம் தள்ளிப்போனா அடுத்த வாரமும் சோறு உண்டா?"

"நீங்க சாப்பிடுங்க," என்றாள் அப்போலின்.

எஸ்பெரான்ஸ் குடையை விரித்தாள், மடக்கினாள். அப்புறம் உடைந்துவிட்டாள். "கொன்சு, நீ கண்ணேறு எடுப்பியாமே. எங்க வீட்டுக்குக் கொஞ்சம் வர்றியா? நான் யார்கிட்டயும் சொல்லல. பையன் கழுத்துல ஒரு கை இருக்கு."

"என்ன கை?"

"கைதான். பின்கழுத்துல நாலு விரல், காதுக்குக் கீழ கட்டை விரல். யாரோ புடிச்சு அமுக்கின மாதிரி செக்கச்செவேல்னு. நேத்துக் காலையில எழுந்திருச்சான், இருக்குது. பக்கத்து வீட்டுக்காரி பாத்துட்டு, கிணத்துல விழுந்து செத்தாளே ஒருத்தி, அவ கைன்னு சொல்றா. கல்யாணத்தன்னிக்கு இழுத்துக்கிட்டுப் போயிடுவாளாம்."

கொன்சு சிலுவை போட்டுக்கொண்டாள். அப்போலினும் போட்டாள். பாயில் இருந்தவர்களில் பாதிப்பேர் சோற்றுக் கையோடு போட்டார்கள்.

நான் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"பெரிய கையா, சின்னக் கையா சம்பந்தி?"

"சின்னது. பொம்பளக் கை. அதனாலதான் பயமா இருக்கு."

"பொடிப்பொடியாக் கொப்புளமா?"

"ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நான் உள்ளே போனேன். அப்போலின் வழியை மறித்தாள். "உனக்குப் புத்தி இருக்கா? எங்க போறே?"

"நகரு."

சாமான் அறைக் கதவைத் திறந்தேன். பானைகளுக்கு நடுவில் கித்தேரி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள் என்று தெரிந்தது. நான் கையை நீட்டினேன். அவளே எழுந்து, துண்டை எடுத்துக் கீழே போட்டுவிட்டு, எனக்கு முன்னால் நடந்தாள். அந்தத் தைரியம் அவள் அம்மாவுடையது இல்லை, என்னுடையதும் இல்லை.

எஸ்பெரான்ஸ் முகத்தைப் பார்த்தாள். அப்போலின் கண்ணை மூடிக்கொண்டாள். பந்தலில் கிழவர் சோறு மெல்லுகிற சத்தம் மட்டும்.

"சம்பந்தி," என்றேன், "உங்க பையன் கழுத்துல இருக்கிற கை இதுதானான்னு பாருங்க."

கித்தேரியின் வலது கையைத் திருப்பிக் காட்டினேன். எஸ்பெரான்ஸ் அதை வாங்கி, கறுத்த விரல் நுனிகளைத் தடவி, விரல்களை விரித்துப் பார்த்தாள். பிறகு குனிந்து, அந்தக் கையை எடுத்துத் தன் பின்கழுத்தில் வைத்துக்கொண்டாள். கட்டை விரல் காதுக்குக் கீழே வந்தது.

"இப்படித்தான் இருக்கு," என்றாள். சட்டென்று நிமிர்ந்து கையை உதறினாள். "எனக்கும் ஒட்டுமா?"

"இப்ப ஒட்டாது. கழுவியாச்சு."

"புதன்கிழமை, மாமி," என்றாள் கித்தேரி. "பப்பாவும் மாயும் கோட்டு தைக்கக் குடுத்தத வாங்க மடகாவ் போயிருந்தாங்க. அவருக்குச் சுட்ட முந்திரி வேணும்னு ஆசை. கப்பல்ல டப்பாவுல வர்றதெல்லாம் முந்திரியே இல்லன்னார். ஃபெனி காய்ச்சுற கொட்டகைக்குப் பின்னால சருகு போட்டுச் சுட்டேன். காத்து எண்ணெய்ப் புகைய என் மூஞ்சியில அடிச்சுது. நான் உரிச்சுக் குடுத்தேன், அவர் தின்னார்."

"காவலுக்கு விட்டுட்டுப் போன கொன்சு எங்கே இருந்தா?" என்று அப்போலின் கேட்டாள்.

எல்லாரும் கொன்சுவைப் பார்த்தோம்.

"எனக்குத் தலைவலி," என்றாள் கொன்சு. "முதல் வடிப்பு ஒரு சொட்டு மருந்துக்குக் குடிச்சேன். கண்ணு சொருகிடுச்சு."

"ஒரு சொட்டா?"

"மருந்த யாராவது எண்ணிக் குடிப்பாங்களா?"

"உன் படிக்காரத்துல உன் மூக்குதான் வந்திருக்கு," என்றேன்.

அப்போலினுக்கு இப்போதுதான் கோபம் வந்தது. "ஓலை வாசிச்சப்புறம் மாப்பிள்ளையப் பாக்கப் போயிருக்கே. சொல்லிச் சொல்லி வளத்தேனே."

"ஓலை வாசிச்சதாலதான் போனேன் மாய்," என்று அம்மாவிடம் சொன்னாள் கித்தேரி. "யாருக்காவது ஆட்சேபணை இருந்தா சொல்லணும்னு சாமியார் மூணு வாரமும் கேட்டார். எனக்கு ஒண்ணு இருந்துச்சு. சாமியார்கிட்ட என்ன சொல்றது, அவர்கிட்டதான் சொல்லணும்னு நெனச்சேன்."

எஸ்பெரான்ஸ் குடையைத் தரையில் ஊன்றினாள். "என்ன ஆட்சேபணை?"

"அவர் கப்பலுக்குப் போயிட்டா ஒன்பது மாசம் நான் உங்க வீட்டுல சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காரணும். அது என்னால ஆகாது. முந்திரி சீசன்ல நான் இங்க வந்து பப்பாவோட வேலை செய்வேன், மழை விழுந்ததும் திரும்பி வருவேன்னு சொன்னேன்."

"என் வீட்டுச் சுவத்துக்கு என்ன குறை?"

கல்யாணம் முகத்தில் இல்லை, இந்தச் சுவரில்தான் முட்டி நிற்கப்போகிறது என்று நினைத்தேன்.

"சுவத்துக்கு ஒரு குறையும் இல்ல மாமி. எனக்குச் சும்மா உக்காரத் தெரியாது."

எஸ்பெரான்ஸ் தன் உச்சந்தலையைத் தடவிக்கொண்டாள். மகன் கப்பலேறுவதற்கு முன்னால் அவள் வீடு கட்டுகிற செம்மண் கல்லைத் தலையில் சுமந்தவள். உச்சந்தலையில் முடி இன்னும் சரியாக முளைக்கவில்லை. அதை மறைக்கத்தான் குடை என்று பெண்கள் பேசிக்கொள்வார்கள்.

"என் பையன் என்ன சொன்னான்?"

"சரின்னார்."

"உடனேயா?"

"ரெண்டு முந்திரி தின்னுட்டு. அப்பதான் கழுத்துல கை வச்சேன். அவ்வளவுதான் மாமி, வேற ஒண்ணும் இல்ல."

"அந்தக் கள்ளன்," என்றாள் எஸ்பெரான்ஸ். "நான் பேய்னு அழறேன். பக்கத்துல உக்காந்து என்னோட ஜெபமாலை சொல்றான். அம்பத்துமூணு மணியும் சொன்னான். இது கித்தேரி கைம்மான்னு ஒரு வார்த்தை சொல்லல." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வாசல் கல்லில் உட்கார்ந்து சிரித்தாள். கொன்சு சிரித்தாள். கிழவர் எதற்கென்று தெரியாமலே சிரித்தார். அப்போலின் மட்டும் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூஞ்சி இப்படி இருக்கே சம்பந்தி," என்றாள் மெதுவாக.

"என் வீட்டுக் கழுத்தப் பாத்துட்டு இந்த மூஞ்சிய நான் என்ன சொல்றது?" என்றாள் எஸ்பெரான்ஸ். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "நாளைக்குள்ள வடியுமா?"

"முழுக்க வடியாது. கண்ணு திறக்கும். டாக்டர் மாத்திரை குடுத்திருக்காங்க. அவனையும் இன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க. கொக்கம் தண்ணி நான் ஊறப்போட்டு வச்சிருக்கேன். தேங்காப்பால் எப்படியும் ஊத்தத்தான் போறோம். சடங்குக்கு ஊத்துறத விடக் கொஞ்சம் தாராளமா ஊத்துவோம்."

"அப்ப ஏறுங்க வண்டியில," என்றாள்.

மோட்டார் சைக்கிளில் ஓட்டுகிறவன், அவனுக்குப் பின்னால் நான், என் மடியில் கொக்கம் தண்ணீர்ப் பானை, எனக்குப் பின்னால் எஸ்பெரான்ஸ், அவள் கையில் குடை. ஒவ்வொரு மேட்டிலும் சிவப்புத் தண்ணீர் என் வெள்ளை வேட்டியில் கொட்டியது. போய் இறங்கியபோது மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ரத்தம் என்று நினைத்துக் கத்தினார்கள்.

அவெலின் பின்கட்டில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். கழுத்தைச் சுற்றிக் கம்பளி மப்ளர், அந்தச் சித்திரை வெயிலில். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். மப்ளரை அவிழ்த்தேன். அழகான கை. ஒரு விரல்கூடத் தவறவில்லை.

"எந்தக் கை?" என்று கேட்டேன்.

"வலது கை, மாமா."

"பேய் கையா?"

"அம்மாதான் பேய்னு சொன்னாங்க. எனக்கும் அதுவே வசதியா இருந்துச்சு."

"சீசனுக்கு அவ வந்து வேலை செய்யறதுக்குச் சரின்னியாமே."

"சரின்னு சொல்லலன்னா மிச்ச முந்திரிய உரிச்சுக் குடுத்திருக்க மாட்டா மாமா."

கொக்கம் துணியைக் கழுத்தில் போட்டேன். "ஆஹ்" என்று கண்ணை மூடினான். எங்கள் பக்கத்தில் பெண்ணின் அப்பன் மாப்பிள்ளைக்குத் தேங்காய்ப்பால் ஊற்றுகிற வழக்கம் கிடையாது. அன்று முதல் சொம்பு என் கையில் கொடுத்தார்கள். நெற்றியில் சிலுவை போட்டு ஊற்றினேன், எல்லாம் பின்கழுத்திலேயே. "தலைக்கும் கொஞ்சம் விடுங்க, மொத்தமும் அங்கயே போகுது," என்று எஸ்பெரான்ஸ் சொன்னாள்.

நான் வீடு திரும்பியபோது எங்கள் பந்தலில் பெண்கள் பாடத் தொடங்கியிருந்தார்கள். கித்தேரி பழைய சிவப்புப் பாவாடையில் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். முகத்தை மறைக்கவில்லை. கதை எனக்கு முன்னாலேயே வாடா முழுக்கப் போய்விட்டது. ஒவ்வொருத்தியாக வந்து, நெற்றியில் எண்ணெய்ச் சிலுவை வைத்து, தேங்காய்ப்பாலைக் கன்னத்தில் வழியவிட்டு, "பேய் பிடிச்ச கை எது, காட்டு," என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவள் பால் சொட்டச்சொட்டக் கையைத் தூக்கித் தூக்கிக் காட்டினாள். அப்போலின் ஊற்றும்போது மட்டும் பாட்டு கொஞ்சம் நின்றது. அவள் சொம்பைச் சாய்த்து, மகளின் கன்னத்தைக் கையால் தடவிவிட்டு, "உப்பல் கொஞ்சம் அமுங்கியிருக்கு," என்றாள். இரண்டு பேருக்கும் மூக்கு உறிஞ்ச வேண்டியிருந்தது. கொன்சு என் அலமாரிப் பக்கம் போகாமல் நான் பார்த்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு கண்ணும் திறந்திருந்தன. மாத்திரையா, கொக்கமா, தேங்காய்ப்பாலா, எது கேட்டது என்று எனக்குத் தெரியாது. மாதாதான் என்று கொன்சு சொன்னாள். நான் மறுக்கவில்லை. கன்னம் இன்னும் சிவந்து, சொரசொரவென்று, ஓரத்தில் உரியத் தொடங்கியிருந்தது. பவுடர் போட வந்தவளை விரட்டிவிட்டு, கொக்கம் கொட்டை வெண்ணெயை நானே தடவினேன். மேலே முக்காட்டைப் போட்டோம். கோவில் வாசலில் அவெலின், காதுவரை ஏறிய கழுத்துப்பட்டையோடு, தலையைத் திருப்ப முடியாமல் முழு உடம்பையும் திருப்பி அவளைப் பார்த்தான். எஸ்பெரான்ஸ் குடையை மடக்கிவிட்டு வந்து, எல்லாருக்கும் முன்னால் மருமகளின் முக்காட்டை விலக்கி, அந்தச் சொரசொரப்புக் கன்னத்தில் இரண்டு பக்கமும் முத்தம் கொடுத்தாள். கேப்பே பக்கத்தில் இனி அதைத்தான் பேசுவார்கள்.

பூசையில் சாமியார் வலது கைகளைச் சேர்த்துப் பிடிக்கச் சொன்னார். கித்தேரி கையை நீட்டினாள். அவெலின் உடனே பிடிக்கவில்லை. குனிந்து அந்த உள்ளங்கையைப் பார்த்தான். சாமியாரின் சட்டையில் மைக் மாட்டியிருக்கிறது என்பதை இரண்டு பேரும் மறந்துவிட்டார்கள்.

"கை கழுவினியா?" என்று அவன் கேட்டது கடைசிப் பெஞ்சுவரை கேட்டது.

"தேங்காப்பால்ல," என்றாள் என் மகள்.

அவன் பிடித்துக்கொண்டான்.